திமிர் பிடித்தவன் என்று எழுதியது யார்?

தோழர்களே, அந்தப் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம் மாணவர் விடுதிகளில் பாபாசாகேப் படத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டிவைத்திருக்கும் அறைகள் உண்டு. மெக்சிகோ நகரம், 1968 அக்டோபர் 16. ஒலிம்பிக் 200 மீட்டர் ஓட்டத்தின் பதக்க மேடை. 19.83 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்ற டாமி ஸ்மித்தும் வெண்கலம் வென்ற ஜான் கார்லோசும் அமெரிக்க தேசிய கீதம் ஒலிக்கும்போது தலையைக் குனிந்து, கறுப்புக் கையுறை மாட்டிய முட்டியை உயர்த்தி நிற்கிறார்கள்.

படம் நமக்குத் தெரியும். மறுநாளிலிருந்து விளையாட்டுப் பக்கங்களில் அந்த இருவரைப் பற்றி என்ன எழுதினார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கல்லூரித் தோழர்கள் சிலர் கேட்ட ஒரு கேள்விக்காக அதைத் தேடிப் படித்தோம். "ஒரு விளையாட்டு வீரரின் குணத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதே தவறா? புகழ் வேண்டும், விமர்சனம் மட்டும் கூடாதா?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் வரலாற்றை ஒதுக்கிவைத்துவிட்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது.

'சிகாகோ அமெரிக்கன்' என்ற நாளிதழில் அப்போது 29 வயதான ப்ரெண்ட் மஸ்பர்கர் ஒரு பத்தி எழுதினார். மேடையில் நின்ற இருவரையும் நாஜிகளின் அடியாள் படையோடு ஒப்பிட்டார். கறுப்புத் தோல் என்பதையும் சேர்த்தே சொன்னார். அதைவிட நம்மை நிறுத்திய இடம் வேறு. இவர்கள் மெக்சிகோவில் தங்கவும் சாப்பிடவும் செலவு செய்கிற நாட்டையே உலகத் தொலைக்காட்சியில் அவமானப்படுத்திவிட்டார்கள் என்று அவர் எழுதியிருந்தார். இந்த வாதம் நமக்குப் புதிதா? "அரசாங்கப் பணத்தில் படிக்கிறாய், ஸ்காலர்ஷிப்பில் சாப்பிடுகிறாய், உனக்கெதற்கு போராட்டம்" என்று நம் பிள்ளைகளிடம் சொல்லாத கல்லூரி உண்டா? டாமி ஸ்மித் டெக்சாசில் வாரத்துக்கு உழுத குடும்பத்தில் பிறந்து, பருத்தி பொறுக்கி வளர்ந்தவர். யார் உழைப்பில் யார் சாப்பிட்டார்கள் என்ற கணக்கை அந்தப் பத்தியாளர் அவரிடமிருந்து தொடங்கியிருக்கலாம்.

அவர்கள் இருவரும் மேடைக்குக் காலணி இல்லாமல் வந்தார்கள். கறுப்புக் காலுறை மட்டும் அணிந்திருந்தார்கள். ஏன்? அதைக் கேட்டவர் ஒருவர் இருந்தார். ஏபிசி தொலைக்காட்சியின் ஹோவர்ட் கோசெல், ஸ்மித்தைக் கேமரா முன் உட்கார வைத்துக் கேட்டார். ஸ்மித் பொறுமையாக விளக்கினார்: உயர்த்திய வலக்கை கறுப்பின மக்களின் பலம், கார்லோசின் இடக்கை அவர்களின் ஒற்றுமை, கழுத்துத் துணி கறுப்பரின் பெருமிதம், காலணியில்லாத கால் கறுப்பரின் வறுமை. கார்லோசின் கழுத்திலிருந்த மணிமாலை கும்பல் கொலைகளில் தூக்கில் தொங்கவிடப்பட்டவர்களுக்காக. ஒரு கேள்வி கேட்டதும் இவ்வளவு கிடைத்தது. கேட்காமலே குணத்தைத் தீர்மானிக்கிறவருக்கு இதில் எதுவும் தேவைப்படவில்லை.

நாஜி என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் ஏவரி பிரண்டேஜ். 1936 பெர்லின் ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணிக்க வேண்டும் என்று குரல் எழுந்தபோது, அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக அதை எதிர்த்து நின்று அணியை ஹிட்லரின் மைதானத்துக்கு அழைத்துச் சென்றவர் இதே மனிதர்தான். சான் ஹொசே ஸ்டேட் கல்லூரி ஆசிரியர் ஹாரி எட்வர்ட்ஸ் 1967இல் தொடங்கிய மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் இயக்கத்தின் கோரிக்கைகளில் ஒன்று பிரண்டேஜை நீக்கு என்பது. நிறவெறித் தென்னாப்பிரிக்காவையும் ரொடீசியாவையும் போட்டியில் சேர்க்காதே என்பது இன்னொன்று. ஸ்மித்தும் கார்லோசும் அந்த இயக்கத்தின் சின்னத்தைத்தான் சட்டையில் குத்தியிருந்தார்கள். வெள்ளி வென்ற வெள்ளை ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மனும் அதைக் குத்திக்கொண்டு நின்றார். இருவரையும் வெளியேற்றாவிட்டால் அமெரிக்கத் தடகள அணி முழுவதையும் அனுப்பிவிடுவோம் என்று பிரண்டேஜ் தரப்பு மிரட்ட, அமெரிக்கக் கமிட்டி பணிந்தது. இருவரும் இடைநீக்கம் செய்யப்பட்டு ஒலிம்பிக் கிராமத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். (பதக்கமும் பறிக்கப்பட்டது என்று நம் தோழர்கள் சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. பதக்கங்கள் அவர்களிடமே இருந்தன.) நாஜி என்ற பட்டம் யாருக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மேடைக்கு வந்தவர்கள் மேல் அது விழுந்தது.

இந்தப் பழக்கம் 1968இல் பிறந்ததல்ல. அறுபது ஆண்டுகள் பின்னால் போவோம்.

1908 டிசம்பர் 26, சிட்னி. ஜாக் ஜான்சன், டாமி பர்ன்சை வீழ்த்தி, ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் முதல் கறுப்பின உலக சாம்பியன் ஆனார். 'நியூயார்க் ஹெரால்ட்' பத்திரிகைக்காக அங்கே உட்கார்ந்து எழுதியவர் நாவலாசிரியர் ஜாக் லண்டன். தன்னை சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டவர். நம் இடதுசாரித் தோழர்கள் இன்றும் விரும்பிப் படிக்கிற எழுத்தாளர். ஜான்சனின் குத்தைவிட அவருடைய சிரிப்புதான் அவரை உறுத்தியது. ஓய்வு பெற்றுப் பண்ணையில் இருந்த வெள்ளை வீரர் ஜிம் ஜெஃப்ரீஸ் எழுந்து வந்து அந்தச் சிரிப்பை ஜான்சன் முகத்திலிருந்து துடைக்க வேண்டும் என்று எழுதி முடித்தார். வர்க்கம் பேசியவர்கள் சாதியின் முன் வந்ததும் தடுமாறுவதை இங்கே நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். நிறத்தின் முன் அங்கேயும் அதுதான்.

ஜெஃப்ரீஸ் வந்தார். 1910 ஜூலை 4, ரீனோ நகரில் அடிவாங்கித் தோற்றார். அன்றிரவு அமெரிக்காவின் பல ஊர்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்கள் மேல் பாய்ந்தன, பலர் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' ஒரு தலையங்கம் எழுதியது. கும்பலுக்கல்ல, கறுப்பருக்குப் புத்தி சொல்லி! மூக்கை உயர்த்தாதே, நெஞ்சை நிமிர்த்தாதே, ரீனோவில் ஜெயித்தவனின் நிறம் உன் நிறம் என்பதால் உன் மதிப்பு ஒரு துளியும் கூடிவிடாது என்பது சாரம். திருவிழாவில் புதுச்சட்டை போட்டு நடந்ததற்காகவும், மீசையை முறுக்கியதற்காகவும், ஊர்த்தெருவில் வண்டியில் போனதற்காகவும் அடிபட்டவர்களின் பிள்ளைகளுக்கு இந்தத் தலையங்கத்தை விளக்க வேண்டியதில்லை.

ஜான்சன் வெள்ளைப் பெண்களோடு வாழ்ந்தார், திருமணம் செய்தார். பத்திரிகைகள் அவருடைய ஒழுக்கத்தை மென்று துப்பின. ரிங்கில் தோற்கடிக்க முடியாதவரை நீதிமன்றத்தில் தோற்கடித்தார்கள். 'ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காக' பெண்களை மாநில எல்லை தாண்டி அழைத்துச் செல்வதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் 1913இல் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. நாட்டை விட்டுப் போய், 1920இல் திரும்பிவந்து சிறையில் இருந்தார். அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2018இல். அவர் இறந்து 72 ஆண்டுகள் கழித்து. காதலித்ததற்காகத் தண்டவாளத்தில் கிடந்த நம் பிள்ளைகளை நினைக்காமல் இதைப் படிக்க நம்மால் முடியவில்லை.

ஜான்சனுக்குப் பின் இன்னொரு கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் வர 1937 ஆனது. அவர் ஜோ லூயிஸ். அவருடைய மேலாளர்கள், அவர்களும் கறுப்பர்களே, பத்திரிகைகளை மனதில் வைத்து அவருக்கு விதிகள் போட்டார்கள். வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. விழுந்த எதிரியின் முன் நின்று மகிழக் கூடாது. ஜான்சனின் அந்தச் சிரிப்பு இவர் முகத்தில் வரவே கூடாது. லூயிஸ் கீழ்ப்படிந்தார். கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அடித்தார். பலன்? சிரித்தவரைத் திமிர் பிடித்தவர் என்று எழுதியவர்களின் வாரிசுகள் சிரிக்காதவரை மிருகம் என்று எழுதினார்கள். பால் காலிகோ என்ற புகழ்பெற்ற பத்தியாளர் 1935இல் எழுதிய கட்டுரை முழுக்க லூயிஸை ஒரு காட்டு விலங்காகவே வர்ணித்தது.

1938இல் ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே வீழ்த்தியதும் லூயிஸ் தேசத்தின் நல்ல பிள்ளை ஆனார். 1942 ஜனவரியில் ஒரு போட்டியில் கிடைத்த பணத்தைக் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்தார். கறுப்பர்களைச் சமையல், பரிமாறல் வேலைக்கு மட்டும் எடுத்துக்கொண்டிருந்த கடற்படை அது. மார்ச்சில் இன்னொரு போட்டியின் பணம் தரைப்படை நிதிக்கு. தானும் படையில் சேர்ந்தார். போர் முடிந்தபின் வருமான வரித்துறை பழைய பாக்கி என்று அவரைப் பல ஆண்டுகள் துரத்தியது. கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றில் வருகிறவர்களை வரவேற்றுக் கைகுலுக்கும் வேலையில் இருந்தார். நல்ல பிள்ளை என்ற சான்றிதழ் வரிக் கடனுக்குக் கூட உதவவில்லை.

முகமது அலியின் கதை உங்களுக்கு ஓரளவு தெரியும். 1964 பிப்ரவரியில் சாம்பியன் ஆனார், இஸ்லாமிய தேச இயக்கத்தில் இருப்பதை அறிவித்தார், மார்ச்சில் காஷியஸ் கிளே என்ற பெயரை விட்டார். விளையாட்டுப் பக்கங்கள் அந்தப் பெயரை விடவில்லை. 'நியூயார்க் டைம்ஸ்' உட்படப் பெரும்பாலான நாளிதழ்கள் ஆண்டுக்கணக்கில் கிளே என்றே அச்சடித்தன. வைத்த பெயரைத்தானே எழுத முடியும் என்று வாதிட்டவர்கள் உண்டு. சரி, கணக்குப் பார்ப்போம். ஜோ லூயிஸின் முழுப்பெயர் ஜோ லூயிஸ் பாரோ. சுகர் ரே ராபின்சன் என்று உலகம் அறிந்தவரின் பெயர் வாக்கர் ஸ்மித். ஜெர்சி ஜோ வால்காட் என்ற சாம்பியனின் பெயர் ஆர்னால்ட் க்ரீம். இவர்களுடைய பிறப்புச் சான்றிதழை எந்த ஆசிரியர் குழுவும் கேட்கவில்லை. அடிமை முதலாளியின் பெயரை உதறுவதற்காகப் பெயர் மாற்றிய ஒருவரிடம் மட்டும் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பெயரைச் சொன்னதும் "இது உங்க ஆளுங்க பேரு மாதிரி இல்லையே" என்று கேட்கப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று அலி சொன்னதும் பத்திகள் வேகம் பிடித்தன. ரெட் ஸ்மித், பின்னாளில் புலிட்சர் பரிசு பெற்ற, அழகாக எழுதத் தெரிந்த பத்தியாளர். 1966இல் அவர் அலியைப் போர் எதிர்ப்பு ஊர்வலம் போகும் குளிக்காத பொறுக்கிகளோடு சேர்த்து எழுதினார். நல்ல நடை அநீதியைத் தடுப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் அலி படையில் சேர மறுத்தார். அதே நாள் நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையம் அவர் உரிமத்தை நிறுத்தியது. வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. ஜூனில்தான் நீதிமன்றம் 5 ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்றது. 1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. இடையில் மூன்றரை ஆண்டுகள், 25 வயதிலிருந்து 28 வரை, அவர் ரிங்கில் ஏறவில்லை. ஒரு குத்துச்சண்டை வீரரின் உடம்பில் அந்த ஆண்டுகளை யாரும் திருப்பி ஒட்ட முடியாது. ஆணையத்தின் கையெழுத்துக்கு முன்பே, இவன் இதற்குத் தகுதியான ஆள் இல்லை என்று மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் அச்சடித்து வைத்திருந்தார்கள். பத்திகள் உரிமத்தைப் பறிக்கவில்லை. பறித்தபோது யாருக்கும் அது அநியாயமாகத் தோன்றாதபடி பார்த்துக்கொண்டன.

ஸ்மித்துக்கும் கார்லோசுக்கும் அப்படித்தான். நாடு திரும்பியபோது கொலை மிரட்டல்கள் காத்திருந்தன. வேலை கிடைக்கவில்லை. உலகத்திலேயே வேகமாக ஓடிய மனிதர்களில் ஒருவரான கார்லோஸ் காவலாளி, தோட்டக்காரர் என்று கிடைத்ததைச் செய்தார். பல ஆண்டுகள் கழித்தே ஸ்மித் கல்லூரிப் பயிற்சியாளராகவும் கார்லோஸ் பள்ளி ஆலோசகராகவும் நிலைபெற்றார்கள். மஸ்பர்கர் தொலைக்காட்சிக்குப் போய், சிபிஎஸ், ஏபிசி என்று நாட்டின் மிகப் பிரபலமான விளையாட்டு அறிவிப்பாளர்களில் ஒருவரானார். அந்த ஒப்பீடு கொஞ்சம் மிகை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். தன்னிடம் அவர் மன்னிப்பு கேட்டதேயில்லை என்பது கார்லோஸ் திரும்பத் திரும்பச் சொன்ன குறை.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். விளையாட்டு வீரரைக் கேள்வி கேட்கவே கூடாதா? கேட்க வேண்டும். லண்டன் 'சண்டே டைம்ஸ்' இதழின் டேவிட் வால்ஷ் கேட்டார். புற்றுநோயை வென்று சைக்கிள் ஓட்டத்தில் சாதித்த லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் அன்று அமெரிக்காவின் உதாரண புருஷர். குணம் என்று பத்தியாளர்கள் எதையெல்லாம் மெச்சுவார்களோ அத்தனையும் அவருக்கு உண்டு என்று எழுதிக் குவித்தார்கள். வால்ஷ் குணத்தைத் தொடவில்லை. ஊக்கமருந்து எடுத்தீர்களா என்று கேட்டார். அணியில் வேலை பார்த்தவர்களிடம் போய்ப் பேசினார், சாட்சியம் திரட்டினார். ஆர்ம்ஸ்ட்ராங் வழக்குப் போட்டார். 2006இல் பத்திரிகை 3 லட்சம் பவுண்ட் கொடுத்து சமரசம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2012இல் எல்லாம் வெளியே வந்து, ஏழு டூர் த பிரான்ஸ் பட்டங்களும் போயின. செயலைக் கேட்கிறவர் ஆதாரம் தேடி அலைய வேண்டும், வழக்கைச் சந்திக்க வேண்டும், தவறென்றால் திருத்தம் போட வேண்டும். 'இவன் திமிர் பிடித்தவன்' என்று எழுதுகிறவருக்கு இந்தச் செலவு எதுவும் கிடையாது. திமிர் இல்லை என்று எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பது?

இன்னொன்றும் கவனியுங்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கிடம் கண்டுபிடித்தது ஆர்ம்ஸ்ட்ராங்கோடு நின்றது. வெள்ளையரின் மூக்கை இறக்கச் சொல்லி யாரும் தலையங்கம் எழுதவில்லை.

நம் மண்ணிலும் இதன் தடம் உண்டு. பல்வங்கர் பாலு, தோல் தொழில் செய்த சாதி என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். பூனாவில் மைதான வேலைக்காரராகத் தொடங்கி, வெள்ளை அதிகாரிகளுக்கு வலையில் பந்து வீசியே கற்றவர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட். அவர் வீசிய பந்தைத் தொட்ட இந்து அணியினர் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் ஊற்றினார்கள். அணித்தலைமை அவருக்குத் தரப்படவே இல்லை. 1920இல் அவரைத் தாண்டி ஒரு பிராமண வீரருக்குத் தலைமை போனபோது, தம்பிகள் விட்டலும் சிவராமும் சாதிதான் காரணம் என்று வெளிப்படையாகச் சொல்லி அணியிலிருந்து விலகினார்கள். 1923இல் விட்டல் தலைவரானார். தம்பிகளுக்கு அன்று அறிக்கை கொடுக்க வேறொருவரின் பத்திரிகை வேண்டியிருந்தது. அதே 1920 ஜனவரி 31 அன்றுதான் பாபாசாகேப் 'மூக்நாயக்' தொடங்கினார். காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட திலகரின் 'கேசரி' மறுத்தது.

ஆகவே யார் குணத்தை யார் எழுதுகிறார்கள் என்பதோடு, எழுதும் இடத்தில் யார் உட்கார அனுமதி என்பதையும் கேட்க வேண்டும். அமெரிக்கப் பேஸ்பாலின் நிறத்தடையை 1947இல் உடைத்த ஜாக்கி ராபின்சனுக்காகப் பல ஆண்டுகள் முன்பே எழுதத் தொடங்கியவர்கள் கறுப்பினப் பத்திரிகையாளர்கள். 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழின் வெண்டல் ஸ்மித் அவர்களில் ஒருவர். அவருக்குப் பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் அட்டை தரவில்லை. நீ எழுதுவது வார இதழ், நாளிதழ் அல்ல என்றார்கள். கறுப்பினப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை வார இதழ்கள் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. எனவே ராபின்சன் மைதானத்தில் ஆடியபோது அவரைப் பற்றி எழுதும் கறுப்பர் பார்வையாளர் வரிசையில் டைப்ரைட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திருப்பி அடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து அணியில் சேர்ந்த ராபின்சன், சில ஆண்டுகள் கழித்து வாயைத் திறந்ததும் பத்திரிகையாளர் இருக்கைகளில் இருந்தவர்கள் அவரை நன்றி கெட்டவர், முன்கோபி என்று எழுதினார்கள்.

'ஆஃப்ரோ அமெரிக்கன்' இதழின் சாம் லேசி 1948இல் அந்தச் சங்கத்தின் முதல் கறுப்பின உறுப்பினர் ஆனார். அதற்குப் பிறகும் எல்லாக் கதவும் திறக்கவில்லை. நியூ ஆர்லியன்சில் ஒரு முறை பத்திரிகையாளர் அறைக்குள் அவரை விடவில்லை. அவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்த அறையின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் நியூயார்க்கிலிருந்து வந்திருந்த வெள்ளை எழுத்தாளர்கள் சிலர் ஒவ்வொருவராக மேலே ஏறிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, வெயில் காய வந்தோம் என்றார்கள்.